காசினோ சிப்: டூப்ளிகேட்டைக் கண்டுபிடிப்பதும், டூப்ளிகேட் என்று சொல்லியே விற்பதும்

புதுச்சேரியில் பழைய சாமான் விற்கிறவர்களிடம் எதை எடுத்துக் காட்டிக் கேட்டாலும் முதலில் வருகிற பதில், "பிரெஞ்சுக் காலத்துது சார்." பித்தளை விளக்கும் பிரெஞ்சுக் காலம், முள் உடைந்த டைம்பீஸும் பிரெஞ்சுக் காலம். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் அவ்வப்போது தலைகாட்டும் காசினோ சிப்புகளுக்கும் (சூதாட்ட விடுதியில் பணத்துக்குப் பதிலாக மேசையில் வைக்கும் வில்லைகள்) இதே பட்டம்தான். ஒரு தட்டில் கொட்டி வைத்திருப்பார்கள். சிவப்பு, நீலம், பச்சை, நடுவில் தங்க ஸ்டிக்கர். "மாண்டே கார்லோ சார், ஒண்ணு ஐந்நூறு."

இவை நம் ஊருக்கு வந்த வழிகள் பல. பிரான்சில் குடியேறிய குடும்பங்கள் லீவுக்கு வரும்போது கொண்டு வந்தவை, பென்ஷன் வாங்கிய சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) வீடுகளின் பெட்டிகளில் கிடந்தவை, சைகோனில் வேலை பார்த்துத் திரும்பியவர்களின் சாமான்கள், கோவா போய் வந்த பையன்கள் பாக்கெட்டில் போட்டு வந்தவை. எல்லாவற்றையும் விட அதிகம், ஆன்லைனில் வாங்கிய வீட்டுப் போக்கர் செட்டில் மிஞ்சியவை. வீட்டை விற்கும்போதோ வெள்ளை அடிக்கும்போதோ ஒரு பிஸ்கட் டப்பாவில் இவை எல்லாம் கலந்து வெளியே வரும். அந்த டப்பா உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

டூப்ளிகேட் சிப்பை விற்பதில் தப்பே இல்லை. வாங்குவதற்கு ஆள் உண்டு: வீட்டில் சீட்டாடுகிறவர், ஓட்டலுக்கு அலங்காரம் செய்கிறவர், குறும்படத்துக்குச் சாமான் தேடுகிற பையன்கள், சாவிக்கொத்து மாட்டிக்கொள்ளும் சுற்றுலாப் பயணி. இவர்கள் யாருக்கும் ஒரிஜினல் தேவையில்லை. டூப்ளிகேட்டை ஒரிஜினலின் கதையோடு, ஒரிஜினலின் விலைக்கு விற்பதுதான் தப்பு.

முதலில் பெயரைப் படிக்காதீர்கள்

டப்பாவைத் திறந்ததும் எல்லோரும் சிப்பின் நடுவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அதைக் கடைசியில் பாருங்கள். போலி செய்கிறவன் முதலில் செய்வதே பெயரைத்தான். ஸ்டிக்கரில் எந்தப் பெயரையும் அச்சடிக்கலாம். சிப்பின் உடம்பை மாற்றுவது அவ்வளவு சுலபம் இல்லை.

தேவையான கருவிகள் சாதாரணமானவைதான். பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ், கிராமில் தசமம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, வெர்னியர் அல்லது நல்ல ஸ்கேல், ஒரு காந்தம், கள்ளநோட்டு பார்க்கும் யூவி லைட். எல்லாம் சேர்த்தாலும் பெரிய செலவு ஆகாது.

அளவும் எடையும் பார்ப்பது முதல் வேலை. அமெரிக்கக் காசினோ சிப்பின் விட்டம் பொதுவாக 39 மில்லிமீட்டர். ஐரோப்பிய ஜெத்தோன்கள் (சிப்புக்குப் பிரெஞ்சுப் பெயர்) இதைவிடப் பெரியவையாகவும் இருக்கும். லாஸ் வேகாஸ் பாணிக் களிமண் கலவைச் சிப் ஏறக்குறைய 8.5-லிருந்து 10 கிராம் வரை நிற்கும். "களிமண்" என்று பெயரே தவிர, முழுக்கக் களிமண் அல்ல. பல பொருள் கலந்து சூட்டிலும் அழுத்தத்திலும் வார்த்தது. ஆன்லைனில் "காசினோ எடை, 11.5 கிராம்" என்று விளம்பரம் செய்கிற சிப்புகள் பிளாஸ்டிக்குக்குள் உலோக வில்லை வைத்தவை. கையில் கனமாக இருந்தால் ஒரிஜினல் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். வேகாஸ் களிமண் சிப் இவற்றைவிட லேசாகத்தான் இருக்கும். 13.5, 14 கிராம் என்று கனம் ஏற ஏற, வீட்டுச் செட் என்ற சந்தேகமும் ஏறட்டும்.

காந்தத்தை அருகில் கொண்டு போங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு வில்லை இருக்கிறது. இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. உலோகக் கரு வைத்த உண்மையான காசினோ சிப்புகளும் இருக்கின்றன, பிளாஸ்டிக்கில் வார்த்த உண்மையான சிப்புகளும் இருக்கின்றன. எடை, காந்தம், விளிம்பு, நடுப்பகுதி எல்லாம் ஒரே பக்கம் கை காட்டினால்தான் முடிவு.

விளிம்பில்தான் விஷயம் இருக்கிறது

எனக்கு ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் விளிம்பைத்தான் பார்ப்பேன். சிப்பை நிமிர்த்திப் பிடித்து லென்ஸ் வழியாகச் சுற்றிலும் பாருங்கள். வேறு நிறக் கோடுகள் விளிம்பில் இறங்கி வரும். நல்ல களிமண் சிப்பில் அந்த நிறத் துண்டுகளைத் தனியாக வெட்டிப் பதித்து, பிறகு மொத்தமாக அழுத்துகிறார்கள். அதனால் இரண்டு நிறம் சேரும் இடம் கொஞ்சம் கலங்கி, சற்றே வளைந்து இருக்கும். ஒரே மேசையில் இருந்த இரண்டு சிப்பை எடுத்தால்கூட அந்தக் கோடு அச்சு அசலாக ஒத்துப்போகாது. பிளாஸ்டிக் சிப்பில் கோடு கத்தியால் கீறியது போல நேராக இருக்கும். நகத்தை ஓட்டினால் நிறம் மாறும் இடத்தில் மெல்லிய படி தட்டும். பத்து சிப்பை அடுக்கினால் பத்தும் ஒன்றுபோலவே இருக்கும்.

அடுத்து, மேல்முகத்தின் ஓரத்தில் சுற்றிலும் புடைத்திருக்கும் அச்சு. அமெரிக்கச் சிப்பில் தொப்பியும் கைத்தடியும் மாறி மாறி வந்தால் அது பால்சன் நிறுவனத்தின் அச்சு. 1963-இல் தொடங்கிய அந்த நிறுவனமும், பட் ஜோன்ஸ் என்ற இன்னொரு சிப் நிறுவனமும், பிரான்சின் போன் நகரத்தில் 1923-இல் தொடங்கிய பூர்கோஞ் எ கிராஸேயும் 2002-இல் ஒரே குடையின் கீழ் வந்தன; கேமிங் பார்ட்னர்ஸ் இன்டர்நேஷனல் என்ற பெயர் 2004-இல் வந்தது. தாயக்கட்டையோ சீட்டின் நாலு சின்னங்களோ ஓரத்தில் ஓடினால், கடைகளில் ஆயிரக்கணக்கில் விற்கும் வீட்டுச் செட்டின் அச்சாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதன் நடுவில் எவ்வளவு பெரிய காசினோவின் பெயர் இருந்தாலும் அது ஸ்டிக்கர் விளையாட்டு.

நடுப்பகுதிக்கு இப்போது வரலாம். பால்சன் போன்ற சிப்பில் நடு வில்லை சிப்போடு சேர்த்தே அழுத்தப்பட்டிருக்கும். நகத்தால் கிளப்ப முடியாது. டூப்ளிகேட்டில் ஓரம் லேசாகத் தூக்கும், சாய்த்துப் பார்த்தால் பசை பளபளக்கும். ஸ்டிக்கர் மையத்திலிருந்து ஒரு பக்கம் தள்ளியிருப்பதும் சகஜம். பழைய சிப் பலவற்றில் வில்லையே கிடையாது. தங்க நிறத் தாளைச் சூடாக அழுத்தி எழுத்தைப் பதித்திருப்பார்கள். அதில்தான் வேறு வகைத் தில்லுமுல்லு நடக்கும்: எழுத்து இல்லாத நிஜமான பழைய சிப்பை வாங்கி, இன்றைக்கு ஒரு பெயரை அதில் பதித்துவிடுவார்கள். உடம்பு பழசு, எழுத்து புதுசு. சிப்பின் மேலிருக்கும் கீறல் எழுத்துக்குக் கீழே புகுந்து போகிறதா, எழுத்தையும் சேர்த்துக் கிழிக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். கீழே புகுந்து போனால் கீறலுக்குப் பிறகு எழுத்து வந்திருக்கிறது.

பழசாக்கிக் காட்டும் வேலையும் உண்டு. டீத்தண்ணியில் ஊறப்போடுவது, ஷூ பாலிஷ் தேய்ப்பது. நிஜமான தேய்மானத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. சிப்பை அடுக்குவார்கள், மேசையில் தேய்ப்பார்கள். முதலில் விளிம்பின் கூர் மழுங்கும், புடைப்பு தேயும், அழுக்கு பள்ளத்தில் சேரும். சற்று உள்வாங்கியிருக்கும் நடு வில்லை கடைசி வரை ஓரளவு சுத்தமாகவே இருக்கும். விளிம்பு கூர்மையாக இருந்துகொண்டு வில்லை மட்டும் பழுப்பேறியிருந்தால், யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

செராமிக் சிப்பில் விளிம்பு உட்பட எல்லாமே அச்சுதான். லென்ஸில் புள்ளி புள்ளியாகத் தெரியும். உண்மையான காசினோக்களும் செராமிக் பயன்படுத்தியிருக்கின்றன என்பதால் புள்ளி தெரிவது மட்டும் சாட்சியாகாது. யூவி லைட்டில் ஒளிரும் குறி தெரிந்தால் ஒரிஜினலுக்கு ஒரு மார்க் போடலாம். தெரியாவிட்டால் கழிக்க வேண்டாம், பழைய சிப்புகளில் அது இருக்காது.

இப்போது எழுத்தைப் படியுங்கள்

இங்கே பொது அறிவுதான் கருவி. லாஸ் வேகாஸ் சான்ட்ஸ் ஓட்டல் திறந்தது 1952 டிசம்பரில், மூடியது 1996-இல். அந்தப் பெயரோடு 1949 என்று போட்டிருந்தால் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கத் தபால் துறை மாநிலங்களுக்கு இரண்டெழுத்துச் சுருக்கம் கொண்டு வந்தது 1963-இல். அதனால் ஐம்பதுகளின் சிப் என்று சொல்லி அதில் "என்.வி." (லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலம்) என்று இருந்தால் நம்பாதீர்கள். ஏரியல் எழுத்துரு 1982-இல்தான் வந்தது. வெப்சைட் முகவரி அச்சடித்த "நாற்பதுகளின்" சிப்பைப் பற்றி நான் என்ன சொல்ல?

இல்லவே இல்லாத காசினோவின் பெயரிலும், இருந்த காசினோ ஒருபோதும் வெளியிடாத வடிவத்திலும் செய்த சிப்பைச் சேகரிப்பாளர்கள் "ஃபேன்டஸி சிப்" என்பார்கள். தாதாக்களின் படம் போட்டவை, மூடிப்போன ஹவானா காசினோக்களின் பெயர் போட்டவை எல்லாம் இந்த வகையில் நிறைய உண்டு. இவற்றைச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள், ஃபேன்டஸி என்று தெரிந்தே வாங்குகிறார்கள். அந்த வார்த்தையைப் போட்டு விற்றால் போதும், யாருக்கும் குறையில்லை.

நம் ஊருக்கே உரிய பொறி ஒன்று இருக்கிறது. "புதுச்சேரி பிரெஞ்சுக் கிளப்பில் ஆடிய சிப்" என்று சொல்லி ஃபிராங் தொகை போட்ட வில்லையை நீட்டுவார்கள். பிரெஞ்சிந்தியாவில் புழங்கியது ரூபாய். இந்தோசீனா வங்கி இங்கே ரூபாய் நோட்டுத்தான் வெளியிட்டது. ஃபிராங் போட்டிருந்தால் அது பிரான்சிலிருந்து பெட்டியில் வந்திருக்க வாய்ப்பு அதிகம். பியாஸ்த்ர் (பிரெஞ்சு இந்தோசீனாவின் பணம்) என்று இருந்தால் சைகோன் பக்கம் யோசிக்கலாம். யூரோ போட்டிருந்தால் பேச்சே இல்லை, யூரோ நோட்டும் காசும் கைக்கு வந்ததே 2002-இல். 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறிய ஊரில் யூரோ சிப் எப்படிப் பிரெஞ்சுக் காலம் ஆகும்? ஃபிராங்கிலும் ஒரு துப்பு உண்டு. 1960-இல் பழைய 100 ஃபிராங் புதிய 1 ஃபிராங் ஆனது. லட்சக்கணக்கில் தொகை போட்ட செவ்வக வில்லை பழைய ஃபிராங்காக இருக்கலாம்.

அந்தச் செவ்வக வில்லைகளைப் பிரெஞ்சில் "பிளாக்" என்பார்கள், பெரிய தொகைக்கு உள்ளவை. வரிசை எண் இருக்கிறதா என்று பாருங்கள். பழையவை பலவும் செல்லுலாய்டு வகை. கட்டை விரலால் நன்றாகத் தேய்த்து முகர்ந்தால் லேசான கற்பூர வாசனை வரும், ஏனென்றால் செல்லுலாய்டு செய்வதே கற்பூரம் சேர்த்துத்தான். காடி வாசனை அடித்தால் அசிட்டேட் வகை, நம் ஊர்ப் புழுக்கத்தில் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். காற்றோட்டமான இடத்தில் தனியாக வையுங்கள். சூடான ஊசியைக் குத்திப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும், அந்த விளையாட்டு வேண்டாம்.

மஞ்சளோடிய வெள்ளைச் சிப்பைக் கண்டால் இன்னொரு கவனம். வெட்டுமுகத்தில் கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி வலைபோலத் தெரிந்தால் அது யானைத் தந்தமாக இருக்கலாம். நேராக, பக்கம் பக்கமாக ஓடினால் தந்தம் மாதிரி செய்த செல்லுலாய்டு. தந்தமாக இருந்தால் விலை பேசாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்கவே கூடாது. சிப்பி ஓட்டில் செய்த மீன் வடிவ, நீள்வட்டத் துண்டுகள் கிடைத்தால் அவை காசினோ சிப்பே அல்ல. சீனாவில் செய்து ஐரோப்பியக் குடும்பங்கள் வீட்டுச் சீட்டாட்டத்துக்கு வாங்கிய கணக்குக் காய்கள் அவை. நல்ல பொருள்தான், அந்தப் பெயரிலேயே விற்கலாம்.

நான்கு குவியல்

பார்த்து முடித்ததும் டூப்ளிகேட்டுகளைப் பிரித்து வையுங்கள். பெயரில்லாத அல்லது பொதுப் பெயர் போட்ட வீட்டுச் சிப்புகள் ஒரு பக்கம். ஃபேன்டஸி ஒரு பக்கம். மூடிப்போன காசினோவின் நிஜச் சிப்பைப் பார்த்துச் செய்த நகல் மூன்றாவது. இன்றைக்கும் நடக்கிற காசினோவின் சிப்பைப் பார்த்துச் செய்த நகல் நான்காவது. இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கோவாவிலிருந்து வந்தவற்றைத் தனியாக எடுங்கள். அங்கே டிக்கெட்டோடு தருகிற "ஒன் டைம் பிளே" சிப் நிஜமான காசினோ வெளியிட்டதுதான், ஆனால் காசாக மாற்ற முடியாது. போட்டிச் சிப்பில் "நோ கேஷ் வேல்யூ" என்று இருக்கும். ஒரிஜினல் என்பதும் செல்லும் என்பதும் வேறு வேறு. 2010 டிசம்பரில் லாஸ் வேகாஸ் பெலாஜியோவில் கொள்ளை போனதும், 25,000 டாலர் சிப்பை அவர்கள் திரும்பப் பெற்று, மாற்றிக்கொள்ளக் கெடுத் தேதி வைத்தார்கள். தேதி கடந்தபின் நிஜச் சிப்பும் வெறும் வில்லைதான்.

விலையும் சொல்லும்

வீட்டுச் சிப்புக்கு விலை வைக்க எளிய வழி: அதே மாதிரி செட் ஆன்லைனில் என்ன விலையோ அதைச் சிப் எண்ணிக்கையால் வகுங்கள். வருகிற தொகைக்கு மேல் உங்கள் அலைச்சலுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். செட்டில் ஒரு சிப் இருபது ரூபாய் ஆகிறது என்றால் ஐந்நூறுக்கு விற்க ஒரு கதை வேண்டும். கதை தேவைப்படுகிற விலை எல்லாம் சந்தேகத்துக்குரிய விலை.

பொய்யே சொல்லாமல் ஏமாற்றும் ஒரு முறையும் இருக்கிறது. "எனக்குத் தெரியலைங்க, தாத்தா பெட்டியில் இருந்துச்சு, நீங்களே பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு விலையை மட்டும் ஒரிஜினலுக்கு வைப்பது. வாய் தெரியாது என்கிறது, விலை தெரியும் என்கிறது. இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை. நிஜமாகவே தெரியாத சிப்பை விற்பதில் தடையில்லை, வீட்டுச் சிப் விலைக்கு விற்றுவிடுங்கள். அது ஒரிஜினலாகிப் போனால் வாங்கியவருக்கு யோகம்.

எழுதும் வாசகம் குட்டையாக இருக்கட்டும். "நகல். பிளாஸ்டிக், உள்ளே இரும்பு வில்லை, 11.6 கிராம், 39 மி.மீ. சான்ட்ஸ் என்ற பெயர் ஸ்டிக்கரில் உள்ளது. அந்தக் காசினோ வெளியிட்டதல்ல." "நகல்" என்ற சொல் தலைப்பிலேயே வர வேண்டும், பத்தாவது வரியில் ஒளியக் கூடாது. "விண்டேஜ் ஸ்டைல்", "அபூர்வம்", "பழைய பாணி" எல்லாம் வேண்டாம். ஆன்லைனில் போடுவதாக இருந்தால் இரண்டு முகம், விளிம்பு, தராசில் வைத்தது என்று நாலு படம். விளிம்புப் படத்தைத் தவிர்க்கிற விற்பனையாளரிடம் நானே வாங்க மாட்டேன். வெளிநாட்டுக்கு விற்பதாக இருந்தால் தளத்தின் விதியைப் படித்துவிடுங்கள். சில இடங்களில் நகல் என்று எழுதினாலும் எடுத்துவிடுவார்கள்.

நேரில் கேட்கிறவருக்கும் இதே நேர்மைதான்.

"அண்ணே, இது ஒரிஜினலா?"

"இல்ல தம்பி, டூப்ளிகேட். இங்க பாரு, ஸ்டிக்கர் தூக்குது."

"அப்ப எவ்ளோ?"

"முப்பது ரூபா. சாவிக்கொத்தா வேணும்னா வளையம் போட்டுத் தர்றேன், நாப்பது."

பத்தில் எட்டுப் பேர் வாங்குவார்கள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்டிக்கரை நீங்களே தூக்கிக் காட்டினால் பேரம் சீக்கிரம் முடியும், அது நிச்சயம்.

உங்களிடம் வாங்கியவர் நேர்மையானவராக இருக்கலாம், அவரிடம் வாங்குபவர் எப்படியோ. வாய்ப்பேச்சு சிப்போடு பயணிக்காது. அதனால் பொருளிலேயே அடையாளம் போட்டுவிடுங்கள். மார்க்கர் எழுத்து அழியும், ஒட்டிய சீட்டு உரியும். விளிம்புக்கு அருகே மூன்று மில்லிமீட்டர் ஓட்டை போடுவதுதான் சிறந்தது. சாவிக்கொத்தும் ஆயிற்று, எந்த மேசையிலும் வைக்கவும் முடியாது. ஓட்டை வேண்டாம் என்கிற வாடிக்கையாளருக்கு, பொறிக்கும் பேனாவால் விளிம்பில் "காப்பி" என்று ஆங்கிலத்தில் கீறிக் கொடுங்கள். நாணய நகல்களில் அந்தச் சொல்லைப் பொறிக்கச் சொல்லி அமெரிக்காவில் 1973-லேயே சட்டம் வந்துவிட்டது. சேகரிப்பவர்கள் பார்த்ததும் புரிந்துகொள்வார்கள். பில்லிலும் அதே வாசகத்தை எழுதி ஒரு படி எடுத்து வையுங்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தே உண்மையை மறைத்து விற்பதை 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு மோசடி என்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு ஏமாற்றுதலுக்கானது. கடைக்காரர் என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். வயதைக் கூட்டிச் சொல்வதில் இன்னொரு வம்பு: நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம் தடை போடுகிறது. போன வருடம் வார்த்த பிளாஸ்டிக்குக்கு "நூற்றைம்பது வருஷம்" என்று பில் போட்டுக் கொடுத்தால், அதை வாங்கிய பிரெஞ்சுக்காரர் சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் மாட்டிக்கொண்டு விழிப்பார்.

நான்காவது குவியலை விற்காதீர்கள்

நடக்கிற காசினோவின் சிப் நகல் கள்ளநோட்டுக்குப் பக்கத்தில் வருவது. நீங்கள் அலங்காரத்துக்கு என்று விற்றாலும் வாங்குகிறவர் மேசையில் வைக்க மாட்டார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. காசினோவின் பெயரும் சின்னமும் பதிவு பெற்றவையாக இருந்தால் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டமும் குறுக்கே வரும். 2014 ஜனவரியில் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு போக்கர் போட்டியில் ஒருவர் போலிச் சிப்புகளைக் கலந்துவிட்டார். மீதியை ஓட்டல் அறைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்ற, குழாய் அடைத்துக்கொண்டு விஷயம் வெளியே வந்தது. போட்டி நின்றது, ஆள் சிறைக்குப் போனார்.

ஓட்டை போட்டு விற்கலாமே என்று தோன்றும். பெயர் அப்படியேதானே இருக்கிறது? ஸ்டிக்கரை உரித்துவிட்டால் அது வெறும் வீட்டுச் சிப், முதல் குவியலுக்குப் போய்விடும். முடி உலர்த்தும் மெஷினால் கொஞ்சம் சூடு காட்டினால் ஸ்டிக்கர் சுலபமாக வரும். மிச்சப் பசைக்குத் தேங்காய் எண்ணெய் போதும். உரிக்க முடியாத செராமிக் நகல் என்றால் பெயர் தெரியாதபடி உடைத்துக் குப்பையில் போடுங்கள்.

விற்ற பிறகு யாராவது திரும்பக் கொண்டுவந்து, "வேறொருவர் இது டூப்ளிகேட் என்கிறார்" என்றால் பில்லின் படியைக் காட்டுங்கள். "நகல்" என்று எழுதியிருக்கும், அவருக்கே நினைவு வரும். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் சிப்பை வாங்கிக்கொண்டு முப்பது ரூபாயைக் கொடுத்துவிடுங்கள்.